முதல்முறை நாணயத்தை கிரேடிங் அனுப்புகிறீர்களா? கோலாலம்பூர், பினாங்கு சேகரிப்பாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கிரேடிங் பற்றி விசாரிக்கிற பலரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனிக்கு அனுப்பலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் காசை அனுப்பத்தான் வேண்டுமா? பார்சல் கட்டுவதற்கு முன்பே இந்த வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். எதை அனுப்புவது, எதை அப்படியே டப்பாவில் விடுவது என்று சரியாகப் பிரித்துவிட்டால் மிச்சமெல்லாம் படிவமும் பொறுமையும்தான். அதனால் இங்கேயும் பாதிக்கு மேல் அந்தப் பிரிக்கிற வேலையைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

கிரேடிங் என்பது என்ன

நாணயத்தை விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு நிறுவனம் அது அசலா போலியா என்று பார்க்கும். அசல் என்றால் தேய்மானம், மேற்பரப்பு, பளபளப்பு எல்லாவற்றையும் வைத்து 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுக்கும். பிறகு லேபிளோடு சேர்த்துக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரையிட்டு அனுப்பிவிடும். அந்தப் பெட்டியைத்தான் ஸ்லாப் என்கிறோம். எந்த நாட்டில் காட்டினாலும் மதிக்கிற பெயர்கள் இரண்டு: 1986-இல் வேலையைத் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் வந்த என்ஜிசி. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள்.

70 என்ற எண் வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காகப் போட்ட கணக்கு அது. அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த காசு ஒரு டாலர் என்றால், குறையே இல்லாத அதே காசு 70 டாலர் பெறும் என்பது அவர் வாதம். விலைக் கணக்கு காலத்தோடு போய்விட்டது, அளவுகோல் மட்டும் நின்றுவிட்டது. இன்று 60-உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, லேபிளில் எம்எஸ் என்று போடுவார்கள். 50 முதல் 58 வரை ஏயு, அதாவது கொஞ்சமே கொஞ்சம் தேய்ந்தது. 40, 45 எக்ஸ்எஃப். 20 முதல் 35 வரை விஎஃப். அதற்குக் கீழே போனால் மிக அரிய காசாக இருந்தால் ஒழிய அனுப்புவதில் அர்த்தமில்லை. சேகரிப்பாளர்களுக்கென்றே கண்ணாடிபோல் அச்சடிக்கும் புரூஃப் காசுகளுக்கு பிஎஃப் அல்லது பிஆர் என்று தனி அடையாளம் உண்டு.

எதை அனுப்பலாம், எதை விடலாம்

என் அளவுகோல் இதுதான்: அசலா இல்லையா என்ற சந்தேகமோ, தரம் என்ன என்ற சந்தேகமோ கிரேடிங் செலவைவிடப் பெரிய பணத்தை ஆட்டிவைக்கிறதா? ஆம் என்றால் அனுப்பலாம். இல்லையென்றால் வேண்டாம்.

ஒரு உதாரணம். கெரிஸ் படம் போட்ட 1 ரிங்கிட் காசு நிறைய வீடுகளில் இருக்கிறது. 2005 டிசம்பர் 7-ஆம் தேதியோடு அது செல்லாது என்று அறிவித்துவிட்டதால் "இப்போது அரிய காசு, பெரிய விலை போகும்" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செல்லாத காசு எல்லாம் அரிய காசு ஆகிவிடாது. புழங்கித் தேய்ந்த கெரிஸ் காசை கிரேடிங் அனுப்பினால் கட்டணம்கூடத் திரும்பாது. 1 சென் காசும் அப்படித்தான். 2008 ஏப்ரல் முதல் கடைகளில் கணக்கை ஐந்து சென்னுக்குச் சரிசெய்ய ஆரம்பித்ததும் ஜாடி ஜாடியாக வீட்டில் தங்கிப்போனது. பேங்க் நெகாரா வெளியிடும் நினைவுக் காசுகளில் மலிவான உலோகத்தில் அட்டையோடு வருபவை பெரும்பாலும் அந்த அட்டையிலேயே அழகாக இருக்கின்றன, அங்கேயே விடுங்கள். வெள்ளி, தங்க புரூஃப் காசுகள் மட்டும் வேறு கணக்கு. அவற்றில் 69-க்கும் 70-க்கும் நடுவே விலை நன்றாகவே விலகும். அதற்காக நிஜமாகவே குறையில்லாத காசாக இருக்க வேண்டும், வாங்கிய பெட்டியைத் திறந்து விரலால் தொட்டிருக்கவும் கூடாது.

அனுப்பத் தகுந்தவை எவை? நம் ஊரில் அடிக்கடி கைக்கு வருவது ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பழைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) வெள்ளி டாலர். ஏழாம் எட்வர்ட் தலை போட்டது. 1903, 1904 தேதியிட்டவை 26.95 கிராம். 1906-இல் டாலரின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று கட்டிவைத்தார்கள். அப்புறம் வெள்ளி விலை ஏறி, காசுக்குள் இருக்கும் வெள்ளியின் விலை காசின் மதிப்பையே தாண்டுகிற நிலை வந்ததும் எடையைக் குறைத்துவிட்டார்கள். அதனால் 1907 முதல் 1909 வரை வந்தவை 20.21 கிராம்தான், வெள்ளித் தூய்மை அதே 90 சதவீதம். ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு 1919, 1920-இல் வந்தவை 16.85 கிராம், பாதி வெள்ளி. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்த டாலர்களில் போலி ஏராளம். பிரிட்டானியா என்ற பெண்ணுருவம் நிற்கிற பிரிட்டிஷ் டிரேட் டாலரிலும் அப்படித்தான், அதன் எடையும் 26.95 கிராம்.

பழைய விக்டோரியா காசுகள் நல்ல நிலையில் இருந்தால், 1919 முதல் வந்த சதுர ஒரு சென்ட் காசில் செம்பின் அசல் சிவப்பு இன்னும் மிச்சமிருந்தால், 1939 முதல் வந்த மலாயா வெள்ளிக் காசுகள் தேய்மானமே இல்லாமல் இருந்தால், இவற்றையும் எடுத்து வையுங்கள். செம்புக் காசுக்கு லேபிளில் நிறத்தையும் போடுவார்கள்: முழுப் பழுப்பு பிஎன், பாதிக்குப் பாதி ஆர்பி, சிவப்பு அப்படியே இருந்தால் ஆர்டி. ஆர்டி என்றால் விலை எங்கேயோ போகும். பினாங்குக்காரர்களுக்கு ஒரு சொல்: பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பினாங்கு அழைக்கப்பட்ட காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு கிடைத்தால் தேய்ந்திருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள். அங்கே முதல் கேள்வியே அசலா என்பதுதான், அதற்கு கிரேடிங் பதில் சொல்லும்.

வீட்டிலேயே செய்யும் பரிசோதனை

தேவையானவை 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எடைக்கருவி, 5 முதல் 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு காந்தம், ஒரே ஒரு மேசை விளக்கு. மேசைமேல் மெத்தென்ற துணி விரியுங்கள். காசை எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. செம்பில் படிந்த கைரேகை சில வாரங்களில் நிரந்தரமாகிவிடும்.

முதலில் காந்தம். வெள்ளி ஒட்டாது. (1973 முதல் 1988 வரை வந்த மலேசிய 1 சென் செம்பு பூசிய இரும்பு, அது ஒட்டத்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.) அடுத்து எடை. 1903 டாலர் 26.9 பக்கம் நின்றால் சரி, 24 காட்டினால் பேச்சே வேண்டாம். நல்ல போலி எடையிலும் ஏமாற்றும், அதற்கு அடர்த்திப் பரிசோதனை இருக்கிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி எடைக்கருவிமேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். 90 சதவீத வெள்ளியின் அடர்த்தி 10.3 அளவு. 26.95-ஐ அதால் வகுத்தால் 2.6 வரும், கருவியிலும் ஏறக்குறைய 2.6 கிராம்தான் காட்ட வேண்டும். 3 கிராம் காட்டினால் அது செம்பும் நிக்கலும் கலந்த ஏதோ ஒன்று. வெளியே எடுத்ததும் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

எடை தேறிய காசை லூப்புக்கு அடியில் கொண்டுவாருங்கள். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக மேலெழும்புகிறதா, இல்லை உருகி வழிந்த மாதிரி மழுங்கி நிற்கிறதா? வெற்றிடங்களில் ஊசி முனையளவு குழிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது அச்சில் அடித்ததாக இருக்காது, வார்த்ததாக இருக்கும். விளிம்பின் கோடுகளைச் சுற்றி வாருங்கள். எங்காவது ஒரு மெல்லிய இணைப்புக் கோடு குறுக்கே ஓடினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க வேண்டுமானால் கோலாலம்பூரில் சசானா கிஜாங் கட்டடத்தில் இருக்கும் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நாணயக் காட்சிக்கூடத்தில் பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, அப்புறம் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையிலோ பினாங்கு லோரோங் கூலிட்டிலோ தட்டில் குவித்து வைத்திருப்பதைப் பாருங்கள். வித்தியாசம் தன்னாலேயே புரிய ஆரம்பிக்கும்.

கழுவின காசு

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. காசைக் கழுவாதீர்கள்.

நம் வீடுகளில் இது சொல்வது எளிது, கேட்பது கஷ்டம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துப் பூசைத்தட்டுக் காசையும் புளி போட்டுத் தேய்ப்பது பாட்டிமார்களின் வழக்கம். வெள்ளி என்றால் விபூதி. அந்தக் கைகளுக்கு அது அழுக்கு, காசு பளிச்சென்று இருந்தால்தான் லட்சுமி. ஆனால் கிரேடர் பார்ப்பது வேறு. நாணயம் அச்சில் அடிபடும்போது உலோகம் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடி மிக நுண்ணிய கோடுகளை விட்டுவிட்டுப் போகிறது. புதுக்காசை ஒற்றை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், அந்தக் கோடுகளில் பட்ட வெளிச்சம் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல் சுற்றிவரும். அதுதான் லஸ்டர். புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது, விபூதியின் துகள் அதைச் சுரண்டுகிறது. ஒருமுறை போனால் எந்த மந்திரத்தாலும் திரும்பாது.

தேய்த்த காசைக் கண்டுபிடிக்கவும் அதே விளக்குதான். காசைச் சாய்த்துச் சுழற்றுங்கள். ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் கூட்டமாகத் தெரிகின்றனவா? ராஜாவின் கழுத்து ஒரு சாம்பல் நிறத்திலும், எழுத்துகளின் இடுக்கு மட்டும் கறுத்தும், நடுவெளி முழுக்க உயிரில்லாத வெள்ளையாகவும் இருக்கிறதா? அப்படியானால் அதற்கு எண் கிடைக்காது. அசல்தான், ஆனால் கழுவப்பட்டது என்று எழுதி டீட்டெயில்ஸ் லேபிள் போட்டு அனுப்புவார்கள், கட்டணம் முழுசாகப் பிடித்துக்கொள்வார்கள். பிசிஜிஎஸ் லேபிளில் 92 என்ற குறியீடு இருந்தால் கழுவியது, 95 என்றால் கீறல், 97 என்றால் ஈரம், மண், காற்று போன்ற சுற்றுப்புறச் சேதம்.

தாத்தா காலத்துக் காசுகளில் இன்னொரு சிக்கல் உண்டு, நகைக் காசு. பதக்கமாகவும் காசுமாலையாகவும் கோத்த நாணயங்களில் வளையத்தைப் பற்றவைத்த தழும்பு விளிம்பின் உச்சியில் இருக்கும். பத்தர் எவ்வளவு நயமாக வளையத்தை எடுத்திருந்தாலும் அந்த இடத்தில் கோடுகள் மழுங்கியிருப்பது லூப்பில் தெரிந்துவிடும். அதுவும் டீட்டெயில்ஸ்தான். இத்தகைய காசுகளைக் குடும்பத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. அதன் மதிப்பு கழுத்தில் போட்டவர்களின் ஞாபகத்தில் இருக்கிறது, லேபிளில் கிடைக்காது.

வானவில் மாதிரி நிறமேறிய வெள்ளியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். காற்றிலுள்ள கந்தகத்தால் இயற்கையாக வருகிற டோனிங் அது, அழகாக இருந்தால் விலை கூடவே செய்யும். செயற்கையாக ஏற்றியதும் சந்தையில் உண்டு, நிறங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக மாறாமல் திட்டுத்திட்டாக நின்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: பச்சையாக, பிசுபிசுவென்று படிந்திருக்கும் பிவிசி. பழைய மென்பிளாஸ்டிக் ஆல்பங்களிலிருந்து கசிவது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் இது வேகமாக வரும். விட்டால் உலோகத்தையே அரிக்கும். கலப்பில்லாத அசிட்டோனில், கண்ணாடிப் பாத்திரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் ஊறவைத்து எடுத்துப் புது அசிட்டோனில் ஒருமுறை அலசினால் போகும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பஞ்சால் தேய்க்கவும் கூடாது. இது வெள்ளிக்கும் தங்கத்துக்கும் சொல்வது. செம்புக் காசாக இருந்தால் கை வைக்காமல், கிரேடிங் நிறுவனங்களே நடத்தும் பாதுகாப்புச் சேவையிடம் விட்டுவிடுங்கள்.

செலவைக் கூட்டிப் பாருங்கள்

விளம்பரத்தில் தெரியும் கட்டணம் முழுக் கட்டணம் இல்லை. ஒரு காசுக்கான கட்டணம், படிவத்துக்கு ஒரு கையாளும் கட்டணம், போக வர தபால், காப்பீடு, நேரடியாக அனுப்பினால் உறுப்பினர் சந்தா, வியாபாரி வழியாக அனுப்பினால் அவருடைய கூலி. இதையெல்லாம் கூட்டிக் காசுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு காசுக்கு 150 ரிங்கிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 300 ரிங்கிட்டுக்குப் போகிற காசு, நீங்கள் நினைக்கிற தரம் கிடைத்தாலும் 400-க்குத்தான் போகும் என்றால் அனுப்பாதீர்கள். நினைத்ததைவிட ஒரு படி குறைவாக வந்தாலும் கையைக் கடிக்காத காசாகப் பாருங்கள். விலையைப் பார்க்கும்போது விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையை நம்பாதீர்கள், ஏலத்தில் உண்மையில் முடிந்த விலையைத் தேடுங்கள்.

எண்ணிக்கை கூடினால் தபால் செலவு பிரிந்துவிடும். அதனால் முதல்முறை அனுப்புகிறவர்கள் இரண்டு மூன்று நண்பர்களோடு சேர்ந்து அனுப்புவது நல்ல யோசனை. யாருடைய காசு எது என்று படத்தோடு எழுதி வைத்துக்கொண்டால் சண்டை வராது.

வியாபாரி வழியா, நேரடியாகவா

முதல்முறைக்கு வியாபாரி வழிதான் என் பரிந்துரை, தயங்காமல் சொல்வேன். இரண்டு நிறுவனங்களும் தாங்கள் அங்கீகரித்த வியாபாரிகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் நாடு வாரியாக வைத்திருக்கின்றன, அதில் மலேசியாவில் யார் என்று பாருங்கள். "நானும் அனுப்புவேன்" என்று சந்தையில் சொல்கிறவரிடம் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். கடைக்குப் போனதும் தவுக்கேயிடம் நேராகக் கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புகிறீர்கள், அமெரிக்காவுக்கா ஹாங்காங்குக்கா, வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு, எனக்கு எழுதிக் கொடுக்கும் ரசீதில் ஒவ்வொரு காசும் தனித்தனியாக வருமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு கடை பாருங்கள். நல்ல வியாபாரி உங்கள் காசுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இதை அனுப்பாதீங்க, வேஸ்ட்" என்று அவரே சிலவற்றைத் திருப்பித் தருவார். அந்த ஒரு வார்த்தைக்கே அவர் கூலி தகும்.

நேரடியாக அனுப்ப வேண்டும் என்றால் கூரியர் விதிகளை முதலில் படியுங்கள். பல கூரியர்கள் நாணயத்தையும் விலையுயர்ந்த உலோகத்தையும் ஏற்பதில்லை. தெரியாமல் அனுப்பினால் பார்சல் தொலைந்தபின் காப்பீடு ஒரு சென்கூடத் தராது. சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: சேகரிப்பு நாணயங்கள், தரமதிப்பீட்டுக்காக அனுப்பப்படுபவை, திரும்பி வரும். அந்தப் படிவத்தின் நகல், காசுகளின் படம், வாங்கிய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வரும்போது சுங்கத்தில் கேள்வி வந்தால் அவைதான் பதில்.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு: உங்கள் வியாபாரி வழக்கமாக அனுப்புவது எதுவோ அது. ஒரே வரிசைக் காசுகளை இரண்டு நிறுவனத்துக்கும் பிரித்து அனுப்பாதீர்கள், அடுக்கி வைக்கும்போது உறுத்தும். நோட்டுகளுக்கு வேறு நிறுவனம், வேறு படிவம், இதோடு கலக்க வேண்டாம்.

படிவமும் பார்சலும்

படிவத்தில் நாடு, ஆண்டு, மதிப்பு, வகை, நீங்கள் சொல்லும் விலை எல்லாம் வரிசையாகக் கேட்கும். நாடு என்ற இடத்தில் கவனம். 1920-ஆம் ஆண்டுச் சதுரக் காசு மலேசியாவினுடையது அல்ல, ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ். 1939 என்றால் மலாயா, 1953 முதல் மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும், 1967 முதல்தான் மலேசியா. விலையை உண்மையாகப் போடுங்கள். குறைத்துப் போட்டால் தொலையும்போது குறைவாகத்தான் கிடைக்கும். கூட்டிப் போட்டால் அதிகக் கட்டணப் பிரிவுக்குப் போய்விடும், ஏனென்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விலை உச்சவரம்பு இருக்கிறது. ஒரு படிவத்துக்கு ஒரு பிரிவுதான், இரண்டு பிரிவு என்றால் இரண்டு படிவம்.

ஒவ்வொரு காசையும் பிவிசி இல்லாத மைலார் ஃபிளிப் உறையில் தனித்தனியாகப் போடுங்கள். ஸ்டேப்ளர் கூடவே கூடாது, உறையைப் பிரிக்கும்போது அந்த முனை ஒரு கோடு இழுத்தால் போதும், எம்எஸ் காசு கீறல் காசு ஆகிவிடும். படிவத்தில் உள்ள வரிசை எண்ணையே உறையிலும் எழுதி, அதே வரிசையில் அடுக்குங்கள். உறையில் போடும் முன் இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்துவிடுங்கள். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடும் சத்தம் வரக்கூடாது. வெளியே நாணயம் என்று தெரிகிற எதையும் எழுதாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

அங்கே ஒருவருக்கு மேற்பட்ட கிரேடர்கள் தனித்தனியாகப் பார்த்துத்தான் எண் முடிவாகும். மாதக்கணக்கில் ஆகலாம், அவசரமாக விற்க வேண்டிய காசை அனுப்பாதீர்கள். முடிவு வந்ததும் லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆண்டு, நாடு, எண் சரியாக இருக்கிறதா? எழுத்துப் பிழை இருந்தால் உடனே சொல்லித் திருத்தலாம். இதே பழக்கத்தை மற்றவரிடம் ஸ்லாப் வாங்கும்போதும் வைத்துக்கொள்ளுங்கள், போலி ஸ்லாப்பும் சந்தையில் நடமாடுகிறது. எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது, தளத்தில் படம் இருந்தால் அதிலுள்ள கீறலும் கறையும் கையில் இருக்கும் காசில் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

எதிர்பார்த்ததைவிடக் குறைந்த எண் வந்தால் ஒரு வாரம் அந்தக் காசைத் தொடாதீர்கள். அப்புறம் விளக்கின்கீழ் வைத்து, லேபிளை விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் பார்த்த கீறல் உங்களுக்கும் தெரியும். இன்னும் உறுதியாக மறுத்தால் மறுபரிசீலனைக்கு அனுப்ப வழி உண்டு, அதற்கும் கட்டணம் உண்டு. கோபத்தில் ஸ்லாப்பை உடைக்காதீர்கள், உடைத்தால் உத்தரவாதம் போச்சு.

ஸ்லாப் காற்றே புகாத பெட்டி அல்ல. கடற்காற்று வீசும் பினாங்கில் அலமாரியில் சும்மா வைத்தால் செம்புக் காசு மெல்லக் கறுக்கும். கேமராவுக்கு விற்கும் உலர் பெட்டி வாங்கினால் உத்தமம், இல்லையென்றால் இறுக்கமாக மூடும் டப்பாவும், ஈரம் ஏறினால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். பொட்டலத்தின் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.